கடையைக் கட்டிவிட்டு மலையேறிய ஏழு வியாபாரிகள்

(திரையில்: ஆர்னோ ஆறு, பொன்தே வெக்கியோ பாலம்)

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரம். 1216 ஈஸ்டர் நாள். புவொன்தெல்மொந்தே என்ற இளைஞனை இந்தப் பாலத்தருகே வெட்டிக் கொன்றார்கள். நிச்சயித்த பெண்ணை வேண்டாம் என்றதற்குப் பழி. கொன்றவர்கள் அமிதேய் குடும்பமும் அவர்கள் கூட்டாளிகளும். அதற்கப்புறம் பல தலைமுறைகளுக்கு ஊர் இரண்டு பட்டது.

17 வருடம் கழித்து, 1233-இல், அதே ஊர் வியாபாரிகள் ஏழு பேர் தொழிலை விட்டு விலகி, துறவற சபை ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் அமிதேய் குடும்பத்தவர் என்கிறது அந்தச் சபையின் மரபு.

ஜவுளிதான் அப்போது அங்கே பெரிய பணம். பிரான்சிலிருந்து வரும் கம்பளித் துணிக்குச் சாயமேற்றி, மெருகு போட்டு, நல்ல விலைக்கு விற்பார்கள். ஏழு பேருக்கும் பழக்கம் ஏற்பட்டது மாதாவைப் புகழ்ந்து பாடும் ஒரு சங்கத்தில். சிலருக்கு மனைவி இருந்தார், சிலர் மனைவியை இழந்தவர்கள், சிலர் கல்யாணமே ஆகாதவர்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடவில்லை. குடும்பத்துக்கு வழி செய்துவிட்டு, மீதியை ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். வியாபாரி புத்தி!

(திரையில்: மொந்தே செனாரியோ மலை)

முதலில் ஊருக்கு வெளியே ஒரு வீடு. அங்கேயும் கூட்டம் தேடி வந்ததால், சுமார் 18 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்த மலைக்குப் போனார்கள். புனித அகுஸ்தினாரின் துறவற ஒழுங்கையும் கருப்பு அங்கியையும் ஏற்றார்கள். பெயர், மரியாயின் ஊழியர் சபை. வியாகுல மாதா, அதாவது மகனுக்காகத் துயருறும் மரியாள் மீதான பக்தியைப் பரப்பியதில் இவர்கள் பங்கு பெரிது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. புதிய சபைகள் வேண்டாம் என்று 1215-லேயே திருச்சபையின் ஆயர்கள் கூடிய பொதுச்சங்கம் சொல்லியிருந்தது. 1274-இல் லியோன் நகரில் கூடிய பொதுச்சங்கம் அதை இன்னும் இறுக்கியது. சபை கலைந்துவிடும் என்ற நிலை. 30 வருட இழுபறிக்குப் பிறகு, 1304-இல்தான் திருத்தந்தை 11-ஆம் பெனடிக்ட் முழு அங்கீகாரம் தந்தார்.

அதைப் பார்க்க உயிரோடு இருந்தவர் ஏழில் ஒருவரே: அலெக்சிஸ் ஃபால்கோனியேரி. குருப்பட்டம் வேண்டாம் என்று கடைசிவரை சகோதரராகவே இருந்தவர். தன்னைச் செல்வந்தராகப் பார்த்த அதே தெருக்களில் பிச்சை கேட்டு நடந்தார் என்பார்கள். 1310-இல் இறந்தபோது வயது 110 என்பது மரபு. எனக்கு அந்தக் கணக்கில் சந்தேகம்தான். ஆனால் 1233-இல் வெறும் 20 என்று வைத்தாலும் 97 வருகிறதே!

1888-இல் 13-ஆம் லியோ ஏழு பேருக்கும் சேர்த்தே புனிதர் பட்டம் அளித்தார். மொந்தே செனாரியோவில் அவர்களுடைய எலும்புகளும் ஒன்றாகவே இருக்கின்றன.