டீக்கடைப் பலகையும் வாட்ஸ்அப் அட்மினும்

வணக்கம். காலை வேலைக்கு நடுவில் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் ஒரு கண்ணை அங்கேயே வைத்துக்கொண்டு காதை மட்டும் எனக்குக் கொடுங்கள், போதும்.

நான் மாடித்தோட்டக்காரி. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மொட்டை மாடியில் தொட்டியும் பையுமாக ஆரம்பித்து, விதை மாற்றிக்கொள்வதற்காகப் பன்னிரண்டு பேரோடு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். இப்போது முந்நூறு பேரைத் தாண்டிவிட்டது. இந்த வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது கத்தரிக்காயைப் பற்றிப் பேசச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். இவர்களோ, குழுவில் வம்பு செய்கிறவர்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள், அதைச் சொல்லுங்கள் என்கிறார்கள். உங்கள் எல்லாரிடமும் குடும்பக் குழு, தெருக் குழு, பள்ளித் தோழர் குழு என்று நாலைந்தாவது இருக்கும். ஒவ்வொன்றிலும் அப்படி ஒருவர் இருப்பார். இப்போதே ஒரு பெயர் ஞாபகத்துக்கு வந்திருக்குமே, அவரேதான்.

எங்கள் குழுவிலும் ஒரு சார் இருந்தார். செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்று ஒரு அம்மா படம் போட்டார். இன்னொருவர் உடனே, வேப்பெண்ணெய் லிட்டருக்கு முப்பது மில்லி கலந்து அடியுங்கள் என்று எழுதினார். நம்ம சார் வந்தார். "உங்களுக்கெல்லாம் செடி வளர்க்க என்ன யோக்கியதை இருக்கிறது?" என்று தொடங்கி, வரிசையாக ஏழு பதிவு. முப்பது மில்லி அதிகம் என்பதும் அந்தத் திட்டுக்கு நடுவில்தான் இருந்தது. அந்த அம்மா பாவம், பூச்சிக்கு மருந்து கேட்டவர், அப்புறம் வாயே திறக்கவில்லை.

நான் என்ன செய்தேன்? ராத்திரி பதினோரு மணிக்கு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முந்நூறு பேருக்கும் முன்னால் அவருக்கு நீளமாகப் பதில் எழுதினேன். அவர் அதைவிட நீளமாக எழுதினார். அவருக்கு நாலு பேர், எனக்கு ஆறு பேர். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, சிரிப்பு பொம்மைகளைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா!

காலையில் பார்த்தால் ஒன்பது பேர் குழுவை விட்டுப் போயிருந்தார்கள். இதைக் கொஞ்சம் கவனியுங்கள். முன்பெல்லாம் யாராவது வெளியேறினால் அது எல்லாருக்கும் தெரியும். 2022 ஆகஸ்டில் வாட்ஸ்அப் அதை மாற்றியது, இப்போது அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு வரும். அதனால் மற்றவர்கள் ஏதோ நல்ல சண்டை நடந்தது என்று நினைத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் அந்த ஒன்பது பெயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் ஒரு பெண்ணிடமிருந்துதான் எங்களில் பாதிப் பேருக்குச் சிறகவரை விதை கிடைத்தது. போன் செய்து கேட்டேன். "எனக்கு யார்மேலும் கோபமில்லை அக்கா, படிக்கும்போதே படபடவென்று வந்தது" என்றாள். வம்பு செய்கிறவர் இருப்பார், சத்தமாக இருப்பார். போகிறவர்கள் சத்தமில்லாமல் போவார்கள். நாம் சத்தம் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருப்போம்.

இந்த இடத்தில் எங்கள் தெருமுனை டீக்கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார், பரவாயில்லை, இது முக்கியம். "இங்கு அரசியல் பேசாதீர்கள்" என்று பலகை மாட்டியிருப்பார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பலகைக்குக் கீழேதான் ஊரிலுள்ள அத்தனை அரசியலும் நடக்கும். கடைக்காரர் கண்டுகொள்ள மாட்டார். குரல் உயரும்வரை அவருக்கு அது வியாபாரம். குரல் உயர்ந்து, ஆளைப் பார்த்து "உன் யோக்கியதை தெரியாதா" என்று ஒரு வார்த்தை வந்ததும், ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே அப்படிச் சொன்னவர் பக்கத்தில் போய் நிற்பார். காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அண்ணே, ஸ்ட்ராங்கா, லைட்டா?" அவ்வளவுதான். கடைக்குள்ளிருந்து கத்த மாட்டார். யார் சொன்னது சரி என்று தீர்ப்பும் சொல்ல மாட்டார். ஒருநாள் ஒருவர் கோபத்தில் கிளாஸை ரோட்டில் போட்டு உடைத்துவிட்டார். கிளாஸுக்குக் காசு வாங்கினார், மறுநாள் அதே ஆளுக்கு அதே டீயைக் கொடுத்தார். கிளாஸ் கணக்கு கிளாஸோடு முடிந்தது.

சரி, கதைக்கு வருகிறேன். நானும் அந்த சாருக்குத் தனியாகப் போன் போட்டேன். எடுத்ததும், "சார், அந்த முப்பது மில்லி விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி" என்றேன். உண்மையிலேயே சரிதான். ஐந்து மில்லி போதும், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும். முப்பது மில்லியை உச்சி வெயிலில் அடித்தால் பூச்சியோடு இலையும் கருகும். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் நாற்பது நிமிடம் பேசினார். இலை மஞ்சளானால் போதும், எல்லாரும் எப்சம் சால்ட் எப்சம் சால்ட் என்கிறார்களே, அது மெக்னீசிய உப்புதானே, பழைய இலை மஞ்சளானால் அது மெக்னீசியக் குறையாக இருக்கலாம், கொழுந்து மஞ்சளானால் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டாமா என்று பொரிந்து தள்ளினார். மனிதருக்கு விஷயம் தெரியும், சொல்லத்தான் தெரியவில்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: அளவைத் திருத்துங்கள், ஆளைத் திருத்தாதீர்கள்.

அன்றோடு மாறிவிட்டாரா என்றால், இல்லை. அதற்குப் பிறகும் இரண்டு முறை தடம் புரண்டார். இரண்டு முறையும் அந்தப் பதிவை மட்டும் எல்லாருக்கும் நீக்கிவிட்டு, அடுத்த நிமிடமே தனியாகச் செய்தி அனுப்பினேன். அட்மின் அப்படி நீக்கும் வசதியும் 2022இல் வந்ததுதான். குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை. டீக்கடைக்காரர் செய்ததுதான், பக்கத்தில் போய், காதோடு. போன ஒன்பது பேரில் நாலு பேர் திரும்பி வந்தார்கள். சிறகவரைப் பெண் இன்னும் வரவில்லை.

எல்லாரிடமும் இது நடக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் குழுவிலிருந்து பெண்களின் எண்ணை எடுத்து ராத்திரியில் தனிச் செய்தி அனுப்பினார். அதற்கு டீயும் கிடையாது, ஸ்ட்ராங்கும் கிடையாது. ஒரே நிமிடத்தில் நீக்கினேன். விளக்கம், எச்சரிக்கை, வழியனுப்பு விழா எதுவும் வைக்கவில்லை. வேறு எண்ணில் திரும்பி வந்தார். அதிலிருந்து அட்மின் ஒப்புதல் இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாதபடி வைத்துவிட்டேன்.

விதிகள் என்று முதலில் பதினான்கு எழுதியிருந்தேன். நானே இரண்டாம் முறை படித்ததில்லை. இப்போது ஒரே வரி: செடி, விதை, மண், பூச்சி, வேறொன்றுமில்லை.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். சட்டத்தைப் பற்றி நிறைய எழுதி வைத்திருந்தேன், வேகமாகச் சொல்கிறேன். யாரோ எதையோ போட்டால் போலீஸ் அட்மினைப் பிடிக்குமா என்று பயப்படுகிறவர்களுக்கு: 2021 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வும், 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும், ஓர் உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மின் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று சொல்லியிருக்கின்றன. நம்ம மதுரை அமர்விலும் 2021 டிசம்பரில் இதே மாதிரி ஓர் உத்தரவு வந்தது. கூட்டுச் சேர்ந்து செய்திருந்தால் அது வேறு கதை, அதை விவரிக்க... ஒரு விரலாகிவிட்டது.

வேப்பெண்ணெய் லிட்டருக்கு ஐந்து மில்லி, சாயங்காலம் அடியுங்கள். பால் பொங்கியிருந்தால் மன்னிக்கவும். வணக்கம்.