ஊர் நூலகத்துக்கு ஒரு கிளாம்ப் மீட்டர்

(மண்டபம் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உள்ளாட்சிப் பிரதிநிதிகளே, ஜமாஅத் பெரியவர்களே, பங்குத்தந்தை அவர்களே, பாம்பனிலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் வேலையை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் மீனவர் சங்கப் பொறுப்பாளர்களே, இந்தக் கூடத்தை மனமுவந்து திறந்துகொடுத்த தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மின்தடை, மின்திறன், எர்த் ஆகிய மூன்றைப் பற்றியும் நான் பேசுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். மின்தடை என்றால் இங்கே மின்வெட்டு அல்ல; மின்னோட்டத்துக்குக் கம்பி காட்டும் எதிர்ப்பு. மின்திறன் என்பது ஒரு கருவி மின்னாற்றலை எடுத்துக்கொள்ளும் வேகம். எர்த் என்பது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பு. மூன்றுக்கும் பொருந்தும்படி நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி ஒன்று உண்டு: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

பள்ளி ஆசிரியராக இருந்த ஜெர்மானியர் ஜார்ஜ் சைமன் ஓம், 1827-இல் தம் விதியை நூலாக வெளியிட்டார். வெப்பநிலை மாறாதபோது ஓர் உலோகக் கம்பியில் ஓடும் மின்னோட்டம், அதன் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே அது. ஆகவே வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை ஓமில் கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் மின்திறன் வாட்டில் கிடைக்கும். மோட்டாருக்குத் திறன் காரணி என்று இன்னோர் எண்ணாலும் பெருக்க வேண்டும். அதை வேறொரு நாள் பார்ப்போம்.

தங்கச்சிமடத்தில் தேநீர்க் கடை நடத்தும் சகோதரி ஒருவர், "ஐயா, 2000 வாட் பாய்லர்னு சொல்லித்தான் வாங்கினேன், தண்ணி சுடவே மாட்டேங்குது" என்று வருந்தினார். பாய்லரை மாற்றச் சொன்னார் ஒருவர். மீட்டர் ஓட்டத்தையே சந்தேகித்தார் இன்னொருவர். அளந்து பார்த்தவர் எவருமில்லை. நான் அளந்தபோது மீட்டர் பலகையில் 230 வோல்ட், பாய்லர் முனையில் 210 வோல்ட், கம்பியில் 8 ஆம்பியர் இருந்தன. 210-ஐ 8-ஆல் வகுத்தால் 26.25 ஓம்; 230 வோல்ட் முழுமையாகக் கிடைத்தால் ஏறத்தாழ 2000 வாட் தரக்கூடிய, பழுதில்லாத பாய்லர்தான் அது. கிடைத்ததோ 1680 வாட். வழியில் தொலைந்த 20 வோல்ட்டை 8-ஆல் வகுத்தால் 2.5 ஓம், பெருக்கினால் 160 வாட். கூரையோரம் கம்பியைத் தொடர்ந்து போனால், செம்புக் கம்பியையும் அலுமினியக் கம்பியையும் வெறும் கையால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள்! டேப்பைப் பிரித்தபோது செம்பில் பச்சைக் களிம்பும் அலுமினியத்தில் வெள்ளைப் பொடியும் பூத்திருந்தன. டேப் கருகிப் பாகாக ஒட்டியது. உப்புக் காற்றின் ஈரம் பட்டால் இவ்விரு உலோகங்களும் சேருமிடம் அரித்துப்போகும்; அங்கே மின்தடை கூடிச் சூடேறும். நாளுக்கு ஐந்து மணி நேரம் பாய்லர் எரிந்தால் 0.8 யூனிட் வீண். அதைவிடக் கொடியது, அந்த 160 வாட்டும் ஓலைக் கூரைக்கு அருகே வெப்பமாகிக்கொண்டிருந்தது என்பதே.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றவர்கள், அடுப்படிச் சுவரில் ஓடுவதை அளக்காமல் விடச் சொல்லியிருப்பார்களா?

எர்த்தைப் பற்றிச் சொல்ல நேரம் போதவில்லை. ஆனால் ஈரமான உடலின் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கினால் 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும் என்பதையும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் டிரிப் சுவிட்ச் கடையில் கிடைக்கிறது என்பதையும் மாணவர்கள் வீட்டில் சொல்லுங்கள்.

என் கோரிக்கை ஒன்றே. தொண்டியிலிருந்து கீழக்கரை வரை கடலோரக் கிளை நூலகம் ஒவ்வொன்றிலும், புத்தகம் இரவல் தருவதுபோல் கம்பியை அறுக்காமல் அதைக் கவ்விப் பிடித்தே மின்னோட்டத்தை அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டரும் தரப்பட வேண்டும். பயிற்சி பெற்ற வயர்மேன் துணையோடு, வடகிழக்குப் பருவமழைக்கு முன் வீட்டு இணைப்புகள் அளக்கப்பட வேண்டும். தலைவர் அவர்கள் இதை இன்றே, இந்த மேடையிலேயே தீர்மானமாக முன்மொழிய வேண்டுமென்று உங்கள் அனைவரின் சார்பிலும் கேட்டுக்கொள்கிறேன்.