பழைய தேவாலயங்களில் சுவர் எங்கே பிரியும்?

நேயர்களுக்கு வணக்கம்.

காவிரிப் படுகையில் நிலநடுக்கமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்திய நிலநடுக்கத் தரநிலையின் 2016 வரைபடப்படி தஞ்சையும் நாகையும் இரண்டாம் மண்டலம். அபாயம் குறைந்த பகுதிதான். ஆனால் 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் நிலம் நடுங்கியது. தரங்கம்பாடியின் புதிய எருசலேம் ஆலயம் 1718-ஐச் சேர்ந்தது. தஞ்சையில் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் கட்டிய ஆலயம் 1779-ஐச் சேர்ந்தது. இந்த வயதுடைய கட்டடங்களுக்குச் சிறிய நடுக்கமும் பெரிய விஷயம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர் பாரத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால் தாங்காது.

பழைய ஆலயம் முழுவதும் ஒரே உடலாக ஆடுவதில்லை. முகப்பு, பக்கச்சுவர்கள், பீடத்துக்கு முன்னுள்ள பெரிய வளைவு, மணிக்கூண்டு எல்லாம் தனித்தனியே ஆடி, ஒன்றிலிருந்து ஒன்று பிரியும். 1976-இல் இத்தாலியின் ஃப்ரியூலி நடுக்கத்துக்குப் பிறகு பொறியாளர்கள் சேதங்களை ஒப்பிட்டபோது ஆலயத்துக்கு ஆலயம் அதே வடிவங்கள் திரும்பத் திரும்ப வந்தன. இன்று அங்கே ஆலயங்களை மதிப்பிடும் படிவத்தில் 28 சேத வடிவங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள்: அந்தப் பாகம் இங்கே உண்டா, அதை எது பலவீனப்படுத்துகிறது, எது பிடித்து நிறுத்துகிறது?

முதலில் பார்க்க வேண்டியது முகப்பு. எதனோடும் பிணைப்பில்லாமல் தனியாக நிற்கும் சுவர் அடியில் சாயத் தொடங்கும் முடுக்கத்தை ஒரு வகுத்தலிலேயே மதிப்பிடலாம்: கனத்தை உயரத்தால் வகுக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் கனம், 9 மீட்டர் உயரம் என்றால் 0.067, அதாவது புவியீர்ப்பில் சுமார் 7 விழுக்காடு. இரண்டாம் மண்டலத்துக்கு அந்தத் தரநிலை கொள்ளும் நில முடுக்கக் காரணி 0.10, அதாவது புவியீர்ப்பில் 10 விழுக்காடு. 0.067 என்பது சுவர் அசையத் தொடங்கும் அளவு, விழும் அளவு அல்ல. ஆனாலும் மூலையில் பிணைப்பு இல்லாத உயரமான முகப்பைக் குறைந்த அபாயப் பகுதி என்று சொல்லி விட்டுவிட முடியாது. அதிலும் உச்சியில் நிற்கும் முக்கோணச் சுவரும் சிலுவைப் பீடமும் தரையைவிட அதிகமாக ஆடும்.

ஆகவே மூலைகளுக்குப் போங்கள். முகப்பும் பக்கச்சுவரும் சேரும் இடத்தில் செங்குத்து வெடிப்பு இருந்து, அது மேலே அகலமாகவும் கீழே மெல்லியதாகவும் இருந்தால், முகப்பு வெளியே சாய்கிறது. தூக்குக்குண்டு விட்டுச் சாய்வை அளந்து எழுதி வையுங்கள். பூச்சை ஓரிடத்தில் உரித்து, இரண்டு சுவர்களின் செங்கல் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கிறதா, வெறுமனே ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். பிற்காலத்தில் கட்டிச் சேர்த்த முகப்பென்றால் பெரும்பாலும் ஒட்டுதான். வளைவின் உச்சியில் வெடிப்பு இருந்தால் அதன் கால்கள் விலகுகின்றன. ஜன்னல்களுக்கு இடையே பெருக்கல் குறிபோல வெடிப்பு இருந்தால் சுவர் தன் நீளவாக்கில் உதைபட்டிருக்கிறது.

படுகை மண்ணில் ஒரு சிக்கல் உண்டு. களிமண் கோடையில் சுருங்கி, ஐப்பசி மழையில் உப்பும். அதனால் ஒரே வெடிப்பு சித்திரையில் ஓர் அகலமும் மார்கழியில் வேறு அகலமும் காட்டும். வெடிப்பின் இருபுறமும் குறியிட்டு, ஓராண்டாவது அகலத்தை அளந்த பிறகே காரணம் அடித்தளமா, பிணைப்பா என்று முடிவு செய்ய வேண்டும். ஆழமான வண்டல் நடுக்கத்தைப் பெருக்கிக் காட்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்து கூரை. மரக்கட்டைகள்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பரப்பிய மெட்ராஸ் டெரஸ் கூரையின் தேக்குக் கட்டைகள் பெரும்பாலும் சுவரின் மேல் தம் எடையால் மட்டும் உட்கார்ந்திருக்கின்றன. சுவருக்குள் புதைந்த முனைகள் ஈரத்தில் உளுத்துப்போகும். கூரான துளைக்கருவியால் குத்தினால் தெரியும். முனை நல்லதாக இருந்தால் இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைக்கலாம். எதிரெதிர்ச் சுவர்களை இணைக்க, இரு முனையிலும் தகடு வைத்த இழுவைக் கம்பி போதும். முகப்பு வெளியே சாயாமல் அது பிடித்துக்கொள்ளும். பின்னாளில் கழற்றவும் முடியும். பழைய கம்பி ஏற்கெனவே இருந்தால் தட்டிப் பாருங்கள். மந்தமான ஒலி வந்தால் தளர்ந்திருக்கிறது.

மரக்கூரையை எடுத்துவிட்டு கான்கிரீட் தளம் போடும் யோசனையை நான் முழுமையாக எதிர்க்கிறேன். 1997-இல் இத்தாலியின் அம்பிரியாவில், பழைய சுவர்மேல் கனமான கான்கிரீட் கூரை ஏற்றிய கட்டடங்கள் மோசமாகச் சேதமடைந்தன. மேலே எடையும் விறைப்பும் கூடின. கீழே சுவரின் வலு கூடவில்லை. சுண்ணாம்புச் சுவருக்கு சிமென்ட் பூச்சும் வேண்டாம். ஈரம் உள்ளே தங்கி, கடலோர உப்பு செங்கல்லைப் பொடியாக்கும். மணிக்கூண்டின் இடுக்கில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுத்து, அந்த இடத்தைச் சுண்ணாம்புக் காரையால் அடைப்பதை இந்த மழைக்கு முன்பே முடித்துவிடலாம்.