கைல் ஊரின் உப்புக்கண்டம்

நேயர்களுக்கு வணக்கம். என் பாட்டி உப்புக்கண்டம் போடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கறியை நீளவாக்கில் அரிந்து, மஞ்சளும் உப்பும் பிசறி, கோணூசியால் சணலில் கோத்து மாலை மாதிரி கொடியில் தொங்கவிடுவார். காக்கை விரட்டுவது என் வேலை. நாலு நாள் வெயிலில் கறி கட்டை மாதிரி காய்ந்துவிடும். உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். அந்த வாசனை நினைவில் இருக்கட்டும். இன்று சொல்லப்போவதும் காய்ந்த கறியின் கதைதான்.

ஊர் மட்டும் வேறு. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் பைன் ரிட்ஜ் என்ற ஒதுக்கீட்டு நிலப்பகுதி இருக்கிறது. ஒக்லாலா லக்கோட்டா மக்கள் வாழும் இடம். செவ்விந்தியர் என்று பள்ளியில் படித்தோமே, அந்தப் பெயரை விட்டுவிடுவோம். அவர்கள் தங்களை லக்கோட்டா என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அங்கே கைல் என்று ஒரு சிற்றூர். பெரிய நகரமான ராப்பிட் சிட்டிக்குக் காரில் போகவே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும்.

லக்கோட்டா பெண்கள் காட்டெருமை இறைச்சியை மெல்லிய தகடாக அரிந்து வெயிலில் காயப்போடுவார்கள். காய்ந்ததைக் கல்லில் வைத்து இடித்துப் பஞ்சாக்குவார்கள். சோக்செர்ரி என்று ஒரு காட்டுப் பழம், நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு. அதைக் கொட்டையோடு சேர்த்து நசுக்கி, அடையாகத் தட்டி உலர்த்துவார்கள். இறைச்சி, பழம், உருக்கிய கொழுப்பு மூன்றும் கலந்தால் அதற்கு வாஸ்னா என்று பெயர். மாதக்கணக்கில் கெடாது. ஒரு பிடி கையில் இருந்தால் வேட்டைக்குப் போகிறவனுக்கு அன்றைய சாப்பாடு கவலை இல்லை.

அந்தக் காட்டெருமையே இல்லாமல் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோடிக்கணக்கில் மேய்ந்தவை, சுட்டுத் தள்ளித் தள்ளி, 1880-களின் கடைசியில் கண்டம் முழுக்கச் சேர்த்து ஆயிரத்தை ஒட்டித்தான் மிஞ்சின. லக்கோட்டா மக்கள் கைக்கு வந்தது அரசின் ரேஷன்: மாவு, கொழுப்பு, சர்க்கரை. இன்று அங்கே நீரிழிவு இல்லாத குடும்பம் அபூர்வம்.

2006-ல் ஒக்லாலா லக்கோட்டா பெண்ணான கார்லின் ஹன்டரும் அவருடைய தொழில் கூட்டாளி மார்க் டில்சனும் கைலில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். மறு வருடம் டாங்கா பார் என்ற இறைச்சிக் கட்டி வந்தது. வாஸ்னாவின் வழியில் வந்த பண்டம்தான், சோக்செர்ரிக்குப் பதில் கிரான்பெர்ரி. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். நகரத்துக்குப் போய்க் கடை திறந்திருந்தால் எல்லாமே சுலபமாக இருந்திருக்கும். அவர்கள் போகவில்லை. வேலை ஊருக்குள் வரவேண்டும் என்பதுதான் அவர்களுடைய பிடிவாதம்.

சரி, அது ஏன் அவ்வளவு கஷ்டம்? இதைப் பற்றி எத்தனை முறை பேசினாலும் எனக்கு அலுக்காது. நாம் தொழில் தொடங்கக் கடன் கேட்டால் வங்கியில் முதல் கேள்வி என்ன? பத்திரம் இருக்கிறதா என்பதுதான். அங்கே நிலத்தின் பெரும்பகுதி மத்திய அரசின் அறங்காவலில் இருக்கிறது. நிலம் அவர்களுடையதுதான், ஆனால் நம்மைப் போல் அதை அடமானம் வைக்க முடியாது. பத்திரம் இல்லாதவருக்குக் கடன் இல்லை, கடன் இல்லாத இடத்தில் கடை இல்லை, கடை இல்லாத ஊரில் வேலை இல்லை. சோம்பேறிகள் என்று அவர்களைப் பேசுகிறவர்கள் உண்டு. கேட்டால் எனக்குக் கோபம் வரும். முழங்காலைக் கட்டிப்போட்டுவிட்டு ஓடவில்லை என்று ஏசுவது என்ன நியாயம்? அரசின் வைப்புக் காப்பீடு பெற்ற நிதி நிறுவனம் ஒன்று அந்த நிலப்பகுதிக்குள் வந்ததே 2012-ல்தான். கைலில் திறந்த லக்கோட்டா கடன் சங்கம் அது. அதுவரை ஒரு காசோலை மாற்றவும் வெளியூர் போக வேண்டும். போன இடத்திலேயே சாமானும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். ஊரில் சம்பாதித்த பணம் அப்படியே வெளியே போய்விடும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், வேலை ஊருக்குள் வரவேண்டும், கூலியும் ஊருக்குள்ளேயே சுற்றவேண்டும்.

டாங்கா பார் நன்றாக விற்றது. அப்புறம் இடி விழுந்தது. அதே மாதிரி இறைச்சிப் பண்டம் செய்த டெக்சாஸ் நிறுவனம் ஒன்றை 2016-ல் ஜெனரல் மில்ஸ் என்ற பெரிய உணவு நிறுவனம் வாங்கியது. அந்தப் பணபலத்துக்கு முன்னால் கைல் எங்கே நிற்கும்? கடை அலமாரிகளில் டாங்காவுக்கு இடம் சுருங்கியது, விற்பனை விழுந்தது. ஊரில் வேலை போனால் வேறு எங்கே வேலைக்குப் போவது? கைலில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள். லக்கோட்டா நிதியத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1986-ல் பிறந்தது. பங்களாதேஷின் கிராமீன் வங்கி முறையைப் பார்த்து, சிறு குழுவாக உட்காரவைத்து, ஒருவருக்கு ஒருவர் பொறுப்பேற்கச் சொல்லிக் கடன் கொடுத்தார்கள். பத்திரத்துக்குப் பதில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் நம்பிக்கை. இன்னொன்று, டாங்கா நிதி. பூர்வகுடிப் பண்ணையாளர்கள் மறுபடி காட்டெருமை வளர்க்கக் கை கொடுக்கிறது. பழைய மேய்ச்சல் நிலங்களுக்கு அந்த மந்தைகள் திரும்பிக்கொண்டிருக்கின்றன. மீதியை இன்னொரு நாள் பேசுவோம். வணக்கம்.