வளையத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

குத்துச்சண்டை பார்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு பேச்சு வராமல் இருக்காது. "இந்த ஆளுக்கெல்லாம் எப்படி உலகப் பட்டத்துக்கு மோத வாய்ப்புக் கொடுத்தார்கள்?" அப்புறம் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். யார் எந்த ரவுண்டில் விழுந்தார், யார் எழுந்திருக்கவே முடியாமல் கிடந்தார் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ஒப்பாது. பட்டத்துக்கு மோத வா என்று கூப்பிட்டால் எந்த வீரன் மாட்டேன் என்பான்? அவன் மேல் குற்றமில்லை. அவன் உள்ளே ஏறிய அன்று வெளியே நிறுத்தப்பட்டவன் யார் என்பதுதான் என் கேள்வி.

பீட் ராடமேக்கரை எடுத்துக்கொள்வோம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஹெவிவெயிட் என்ற அதிக எடைப் பிரிவில் தங்கம் வென்றவர். அதுவரை காசுக்காக ஒரு சண்டைகூடப் போட்டதில்லை. 1957 ஆகஸ்ட் 22 அன்று சியாட்டில் நகரில், ஒரு பேஸ்பால் மைதானத்தில், உலக சாம்பியன் ஃபிளாய்ட் பேட்டர்சனோடு மோதினார். தொழில்முறையில் முதல் சண்டையே உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கு! பேட்டர்சனுக்கு 2,50,000 டாலர் தருவதாக முதலிலேயே உறுதி சொல்லியிருந்தார்கள். பணம் திரட்ட ஆள் இருந்தது, சண்டை நடந்தது. ராடமேக்கர் கோழை இல்லை. இரண்டாவது ரவுண்டில் சாம்பியனையே கீழே தள்ளினார். பிறகு அவரே திரும்பத் திரும்ப விழுந்தார், ஆறாவது ரவுண்டில் கதை முடிந்தது.

அந்தச் சமயத்தில் முறைப்படி காத்திருந்தவர்கள் இரண்டு பேர். ஜோரா ஃபோலி, எடி மேச்சன். இருவரும் தரவரிசையின் மேல்படியில் இருந்தவர்கள். பேட்டர்சனின் மேலாளர் கஸ் டி'அமேட்டோவுக்கும், அன்று பெரிய சண்டைகளைக் கையில் வைத்திருந்த ஜிம் நோரிஸின் அமைப்புக்கும் ஆகாது. டி'அமேட்டோ சொன்ன காரணத்தில் நியாயம் உண்டு. அந்த அமைப்பு இந்த விளையாட்டையே கழுத்தைப் பிடித்து வைத்திருந்தது. ஆனால் அந்தப் பகையின் விலையை ஃபோலியும் மேச்சனும்தான் கொடுத்தார்கள். பேட்டர்சன் இருவரில் ஒருவரோடும் பட்டத்துக்கு மோதவில்லை.

அடுத்த வருடம் நடந்ததைக் கேளுங்கள். ராடமேக்கரின் இரண்டாவது சண்டை இதே ஜோரா ஃபோலியோடு. நாலாவது ரவுண்டில் ஃபோலி அவரை நாக்அவுட் செய்தார். யார் தகுதியானவர் என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்? அப்படியும் ஃபோலிக்கு உலகப் பட்ட வாய்ப்பு வந்தது 1967 மார்ச்சில்தான், எதிரே உச்சத்தில் இருந்த முகமது அலி. ஏழாவது ரவுண்டில் தோற்றார். ஃபோலியின் நல்ல வருடங்களெல்லாம் காத்திருப்பிலேயே போய்விட்டன. ராடமேக்கர் கதையைச் சொல்லும்போது இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

"தாக்குப்பிடித்து நின்றால் தகுதி உண்டு, சீக்கிரம் விழுந்தால் இல்லை" என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். நான் ஏற்க மாட்டேன். 1975-இல் அலியை எதிர்த்து நின்ற சக் வெப்னர் மது விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்த்தவர். ஒன்பதாவது ரவுண்டில் அலி கீழே விழுந்தார். என் காலை மிதித்துவிட்டான் என்று அலி சொன்னார். முகமெல்லாம் கிழிந்தும் வெப்னர் நின்றார். பதினைந்தாவது ரவுண்டு முடிய 19 விநாடி இருக்கும்போதுதான் நடுவர் நிறுத்தினார். லியோன் ஸ்பிங்க்ஸ் வெறும் ஏழு சண்டை அனுபவத்தோடு வந்து, 1978 பிப்ரவரியில் அலியிடமிருந்து பட்டத்தையே பறித்தார். இவர்களின் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் உள்ளே போய்ச் சாதித்தது வேறு, உள்ளே போன வழி வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால், அடுத்த முறை ஆள் தேர்ந்தெடுப்பவர்களுக்கு அது நல்ல சாக்காகிவிடும்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. 1983 நவம்பரில் ஹெவிவெயிட் சாம்பியன் லாரி ஹோம்ஸ் முன்னால் மார்விஸ் ஃபிரேசியரை நிறுத்தினார்கள். முன்னாள் சாம்பியன் ஜோ ஃபிரேசியரின் மகன். அதுவரை பத்தே பத்து சண்டை. பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான உலக குத்துச்சண்டை கவுன்சில் இதைப் பட்டப் போட்டியாக ஏற்கவில்லை, அப்படியும் நடந்தது. முதல் ரவுண்டிலேயே ஒரு வலது கைக் குத்தில் விழுந்தார், எழுந்தார், கயிற்றோடு ஒட்டிக்கொண்டு அடி வாங்கினார். கடைசியில் ஹோம்ஸே, நிறுத்துங்கள் என்று நடுவரைப் பார்த்துச் சைகை காட்டினார். வளையத்தில் மகனின் மூலையில் துணைக்குத் தந்தை நின்றிருந்தார். அடிக்கிறவனுக்கே பாவமாகத் தோன்றும் சண்டையை யாருக்காக நடத்துகிறோம்?

சரி, இப்படிப்பட்டவர்கள் உள்ளே வருவது எப்படி? தரவரிசை வழியாகத்தான். பட்டம் வழங்கும் அமைப்புகள் வீரர்களின் ஊதியத்தில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்குகின்றன. பட்டப் போட்டி என்ற பெயர் இருந்தால்தான் அந்தக் கட்டணம். அதனால் போட்டியாளரின் தகுதியைக் கறாராகப் பார்க்க அவற்றுக்கு அவசரம் கிடையாது. 1995-இல் சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மனுக்கும் ஜெர்மனியின் ஆக்ஸல் ஷுல்ஸுக்கும் நடந்த சண்டைக்கு அனுமதி வாங்கத் தான் 1,00,000 டாலர் கொடுத்ததாக, சண்டைகளை ஏற்பாடு செய்யும் புரோமோட்டர் பாப் ஆரம் பின்னாளில் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். பட்டம் வழங்கும் இன்னொரு அமைப்பான சர்வதேச குத்துச்சண்டைக் கூட்டமைப்பின் தலைவர் ராபர்ட் லீ மீது நடந்த வழக்கு அது. லஞ்சக் குற்றச்சாட்டுகளிலிருந்து லீ விடுபட்டார். வரி ஏய்ப்பு முதலான குற்றங்களுக்காக 22 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஷுல்ஸ் அன்று அருமையாகச் சண்டை போட்டார், அவர்தான் ஜெயித்தார் என்று சொல்பவர்கள் இன்றும் நிறையப் பேர். பணம் கொடுத்துத் திறந்த கதவு வழியாக வந்தவர் என்ற பேச்சு அந்த நல்ல ஆட்டத்தின் மேலும் ஒட்டிக்கொண்டதுதான் பாவம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லவே மனம் வரவில்லை. டாரின் மோரிஸ் என்ற வீரர் 2000 அக்டோபரில் இறந்துபோனார். அதற்குப் பிறகு உலக குத்துச்சண்டை அமைப்பின் தரவரிசையில் அவர் இரண்டு முறை மேலே ஏற்றப்பட்டார். இறந்தவர் உயர்ந்தார் என்றால் உயிரோடு பயிற்சி செய்துகொண்டிருந்த யாரோ ஒருவர் அவருக்குக் கீழே நின்றார் என்று அர்த்தம்.

நிறத்தின் பேரால் வெளியே நிறுத்தப்பட்ட கறுப்பின வீரர்களின் கதை இன்னும் கொடுமையானது. சாம் லாங்ஃபோர்ட் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதாமலேயே ஓய்ந்துபோனார். ஹேரி வில்ஸ், அன்றைய சாம்பியன் ஜாக் டெம்ப்ஸியைத் துரத்தித் துரத்தி வருடங்களைத் தொலைத்தார். டெம்ப்ஸி முதலில் வில்ஸோடுதான் மோத வேண்டும் என்று நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையம் பிடிவாதமாக நின்றது. என்ன ஆயிற்று? வில்ஸை விட்டுவிட்டு, ஜீன் டன்னியோடு டெம்ப்ஸியின் சண்டையை 1926-இல் பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோய் நடத்தினார்கள். லட்சத்துக்கு மேல் கூட்டம். சார்லி பர்லி 1944-இல், பின்னாளில் உலக சாம்பியனான ஆர்ச்சி மூரையே கீழே தள்ளி ஜெயித்தவர். தான் மோதியவர்களிலேயே சிறந்தவர் என்று மூர் அவரைப் பாராட்டினார். பர்லிக்கு ஒரு உலகப் பட்ட வாய்ப்புக்கூட வரவில்லை. பிட்ஸ்பர்க்கில் குப்பை அள்ளும் வேலைக்குப் போனார். மூருக்கே 1952 டிசம்பரில்தான் முறை வந்தது. ஜெயித்தும் கைக்கு வந்தது 800 டாலர். தோற்ற சாம்பியன் ஜோயி மேக்ஸிமுக்கு 1,00,000.

எப்போதும் கடினமான ஆளோடுதான் மோத வேண்டுமா என்று சாம்பியன்கள் பக்கம் நின்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பழைய ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸ் 25 முறை பட்டத்தைக் காத்தார். அதில் பலரைக் கேலி செய்தார்கள். ஆனால் அவர் ஒரு கட்டத்தில் மாதாமாதம் மோதினார், பலமானவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள், காத்திருந்தவனுக்கு முறை வந்தது. இப்போது வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் பட்டம் வளையத்துக்கு வருகிறது. அதில் ஒன்றை வீணடித்தாலும் ஒருவனுடைய வருடம் போகிறது. எளிய எதிராளி வேண்டுமானால் தாராளமாக மோதட்டும், டிக்கெட் விற்கட்டும், அந்த எதிராளிக்கும் நல்ல ஊதியம் கிடைக்கட்டும். அதைப் பட்டப் போட்டி என்று மட்டும் அறிவிக்க வேண்டாம், அதற்கு எந்த அமைப்பும் கட்டணம் வாங்கவும் வேண்டாம்.