இரண்டு எண்களுக்குள் ஒரு குதிரை

வணக்கம் நேயர்களே.

வெள்ளவத்தையில் என்னிடம் கணிதம் படிக்கும் பிள்ளைகள் இடைவேளையில் சதுரங்கப் பலகையை விரித்துப் புதுப்புதுக் காய்களை உருவாக்குவார்கள். "இது குதிரை மாதிரித்தான் சேர், கொஞ்சம் நீளமாகப் பாயும்" என்பார் ஒருவர். உடனே வாக்குவாதம் தொடங்கிவிடும். எவ்வளவு நீளம்? எந்தப் பக்கம்? எண்ணில் எழுதுங்கள் என்பேன்.

குதிரையின் பாய்ச்சல் 1, 2. ஒரு திசையில் 1 கட்டம், அதற்குச் செங்குத்தாக 2 கட்டம். 2 இருக்கும் இடத்தில் 3 போட்டால் ஒட்டகம் என்ற காய் கிடைக்கும். பலகையைத் தொடாமலே அதன் குணத்தைச் சொல்லிவிடலாம். 1உம் 3உம் சேர்ந்தால் 4, இரட்டை எண். ஆகவே கறுப்புக் கட்டத்தில் தொடங்கிய ஒட்டகம் கடைசிவரை கறுப்பிலேயே நிற்கும். குதிரைக்குக் கூட்டுத்தொகை 3, ஒற்றை. பாயும்போதெல்லாம் நிறம் மாறும்.

எனக்கு மிகவும் பிடித்தது பாரசீகத்துப் பழைய ஆட்டமான ஷத்ரஞ்சின் யானை. இன்று மந்திரி நிற்கும் இடத்தில் அன்று நின்றது அதுதான். பாய்ச்சல் 2, 2: மூலைவிட்டத்தில் இரண்டாம் கட்டத்துக்குத் தாவும். ஒரு பென்சிலை எடுத்து அது போகக்கூடிய கட்டங்களைக் குறித்துப் பாருங்கள். 64இல் 8 மட்டுமே தேறும். இரு தரப்புக்கும் சேர்த்து 4 யானைகள். நான்கின் கட்டங்களும் வெவ்வேறு. அப்படியானால் ஒரு யானை இன்னொரு யானையை ஒருபோதும் வெட்டமுடியாது, பலகையில் பாதியை எந்த யானையும் மிதிக்கவே மிதிக்காது. எத்தனை ஆட்டம் ஆடினாலும் கண்ணில் படாமல் போகக்கூடிய உண்மை இது. ஆள்கூறு எழுதினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

எண்சோடி மட்டும் எப்போதும் போதாது. சீனச் சதுரங்கக் குதிரையும் 1, 2தான். ஆனால் நேராக எடுத்துவைக்கும் முதல் அடியில் காய் ஒன்று நின்றால் அந்தப் பக்கம் போகமுடியாது. அங்கே வழியையும் சேர்த்தே வரையறுக்க வேண்டும்.

பலகையையே மாற்றுபவர்களும் உண்டு. இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் ஒட்டி உருளையாக்கினால், நிரல்களை 8ஆல் வகுத்து மீதியைப் பார்த்தால் போதும். ஆனால் வெறுமையான வரிசையில் கோட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட கட்டத்துக்கே வந்துவிடும். அது ஒரு நகர்வா? விதி எழுதுபவர் முன்கூட்டியே சொல்லவேண்டும். அனுமதித்தால், எதை நகர்த்தினாலும் நட்டம் என்ற நிலையில் இருப்பவர் கோட்டையைச் சுற்றவிட்டுத் தன் முறையைக் கழித்துவிடுவார்.