சேத்தராவுக்கு ஒரு முழு நாள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இத்தாலியின் அமால்ஃபி கடற்கரை என்றாலே பொசித்தானோ, அமால்ஃபி, ரவெல்லோ என்று மூன்று பெயர்களைத்தான் பயண ஏற்பாட்டாளர்கள் சொல்வார்கள். அதே கரையில், சலேர்னோ நகரத்தை ஒட்டி, ஏறத்தாழ 2,000 பேர் வாழும் சேத்தரா என்ற மீனவர் ஊர் இருக்கிறது. பேருந்தில் போகிறவர்கள் சன்னல் வழியே பார்த்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். இந்த ஊருக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்ளவே வந்திருக்கிறேன். ஊரே மீனால் வாழ்கிறது. அந்தத் தொழிலைப் பார்க்காமல் திரும்பினால் சேத்தராவைப் பார்த்ததாகாது.

முதலில் வழி. நேப்பிள்ஸிலிருந்து சலேர்னோவுக்கு அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம். ரயில் நிலையத்திலிருந்து கடலை நோக்கி நடந்தால் பியாட்சா தெல்லா கொன்கோர்தியா படகுத்துறை வந்துவிடும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கிருந்து படகு உண்டு. அரை மணிக்குள் போய்விடலாம். கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும், அப்போது பேருந்துதான். பேருந்துச் சீட்டைப் புகையிலைக் கடையில் முன்கூட்டியே வாங்கி, ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். திரும்பும்போது வேண்டிய சீட்டையும் அப்போதே வாங்கிவிடுவது நல்லது. கார் வேண்டவே வேண்டாம். மலையைக் குடைந்து போட்ட குறுகலான சாலை அது. ஊருக்குள் வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும்.

இறங்கியதும் துறைமுகத்துக்குப் போங்கள். நெத்திலியை இரவில் விளக்கு வெளிச்சம் காட்டித் திரட்டி, சுருக்குவலையால் வளைத்துப் பிடிக்கிறார்கள். முழுநிலவு நாட்களில் கடல் முழுக்க வெளிச்சமாக இருப்பதால் விளக்குக்கு மீன் கூடாது. ஆகவே பயணத் தேதி குறிக்கும்போது பௌர்ணமியை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். விடியலில் வந்து சேரும் மீனைப் பார்க்க விரும்பினால் முந்தைய இரவே ஊரில் தங்கிவிட வேண்டும்.

இனி இந்த ஊரின் பெருமைக்கு வருகிறேன்: கொலத்தூரா. நெத்திலியும் கடலுப்பும் மட்டுமே சேர்ந்து, மாதக்கணக்கில் ஊறி வடியும் சாறு. மார்ச் 25 முதல் ஜூலை 22 வரை சலேர்னோ மாவட்டக் கடலில் பிடித்த நெத்திலிதான் இதற்கு ஆகும். தலையையும் குடலையும் ஒரே இழுப்பில் கையால் பிய்த்து எடுப்பார்கள். குடல் தங்கினால் சாறு கசக்கும். பிறகு சிறிய மரப்பீப்பாயில் ஒரு வரிசை மீன், ஒரு வரிசை உப்பு என்று அடுக்கி, மேலே மரப்பலகை போட்டுக் கடற்கற்களைப் பாரமாக வைப்பார்கள். பாரம் போதாவிட்டால் மீனிலிருந்து நீர் சரியாக வெளியேறாது. மேல் வரிசை காற்றுப்பட்டுச் சிக்கடித்துப்போகும். ஊற ஊறக் கற்களைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் பீப்பாயின் அடியில் துளையிட்டால், மேலிருந்து ஒவ்வொரு வரிசையாக இறங்கி, அந்தச் சாரம் அத்தனையையும் வாங்கிக்கொண்டு, சாறு சொட்டுச் சொட்டாக விழும். நிறம் பனைவெல்லப் பாகு போலிருக்கும். 2020-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு டி.ஓ.பி. என்ற பிறப்பிட முத்திரை வழங்கியது. முத்திரை பெற ஒன்பது மாதமாவது ஊறியிருக்க வேண்டும்.

டிசம்பர் 24 இரவு இந்த ஊர் வீடுகளில் கொலத்தூரா ஸ்பகெத்திதான். நான்கு பேருக்கு 400 கிராம் ஸ்பகெத்தி, நான்கு மேசைக்கரண்டி கொலத்தூரா, ஆறு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், ஒரு பல் பூண்டு, கொஞ்சம் காய்ந்த மிளகாய், ஒரு கைப்பிடி பார்ஸ்லி. வேகவைக்கும் தண்ணீரில் உப்பே போடக் கூடாது; சாற்றிலிருக்கும் உப்பு தாராளம். ஸ்பகெத்தி தவிர்த்த எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் பச்சையாகக் கலந்து, வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி ஊற்றி, வடித்த ஸ்பகெத்தியை அதில் போட்டுப் புரட்டுங்கள். கொலத்தூராவை அடுப்பில் ஏற்றினால் மணம் போய் நெடிதான் மிஞ்சும். சீஸ் தூவுவதை இங்கே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அது சரியும்தான்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சாறு காய்கறிப் பண்டங்களிலும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். "சென்ஸா பெஷே, சென்ஸா அலீச்சி" என்று கேட்டுவிடுங்கள்: மீன் வேண்டாம், நெத்திலி வேண்டாம் என்று பொருள். மதிய உணவு பன்னிரண்டரைக்கு மேல்தான் கிடைக்கும். மூன்று மணிக்குள் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

சாப்பிட்ட பிறகு கடலோரக் காவல் கோபுரத்தைப் பாருங்கள். கடற்கொள்ளையரைக் கண்காணித்த கோபுரம் அது. 1534-இல் துருக்கியக் கப்பல்கள் இந்த ஊரைச் சூறையாடி மக்களைச் சிறைபிடித்துப் போயின. அதன் பிறகு இந்தக் கரையெங்கும் காவல் பலப்பட்டது. சற்று மேலே புனித பேதுரு தேவாலயம், வண்ண ஓடு பதித்த குவிமாடத்தோடு நிற்கிறது. ஜூன் 29 அவருடைய திருநாள். அன்று ஊரே கடற்கரையில் இருக்கும், தங்க இடம் வேண்டுமென்றால் வெகு முன்பாகவே பதிவு செய்யுங்கள். குளிப்பதற்குத் துறைமுகத்தை ஒட்டிய கரையே போதும். கூழாங்கல் காலைக் குத்தும், ரப்பர் செருப்பு எடுத்துப் போங்கள்.

கொலத்தூரா வாங்கும்போது முத்திரையையும், பொருள்பட்டியலில் நெத்திலி, உப்பு தவிர வேறொன்றும் இல்லையா என்பதையும் பாருங்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோவதானால் 100 மில்லி புட்டியைத் தாண்டாதீர்கள். பெட்டியில் வைத்தால் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டுங்கள். கசிந்தால் துணியிலிருந்து அந்த வாடை எளிதில் போகாது. வீட்டில் வெளிச்சம் படாத அலமாரியில் வைத்தால் போதும். நாளடைவில் அடியில் உப்புப் படிகம் சேரும். கெட்டுவிட்டதோ என்று கொட்டிவிடாதீர்கள், தாராளமாகப் பயன்படுத்தலாம்.